பெர்மின் தார்க்கி அடுப்பிலிருந்து வந்த கதை

செத்து எட்டு மாதமான பெர்மின் தார்க்கி, கோயில் மணி உச்சிவேளைக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, தன் கையால் கட்டிய ரொட்டி அடுப்பை உள்ளேயிருந்து உடைத்துத் தள்ளிவிட்டு, மீசையும் தொப்பியுமாக, முதுகு பொன்னிறமாக வெந்து, சோம்பு மணக்க மணக்க வெளியே வந்ததை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான்.

நான் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. ரயில் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை, ஆலங்கட்டி மழைக்குப் பயந்து கம்பளிக்கு வளர்க்கும் ஒரு லாமா மந்தையே பெட்டியின் கூரைமேல் ஏறி, சீட்டில்லாமல் ஓருரோ நகரம் வரைக்கும் வந்தது என்று சொல்லிவிட்டேன். வந்தது ஒன்றோ இரண்டோதான். அதிலிருந்து, "இன்றைக்கு நல்ல வெயில்" என்று நான் சொன்னாலும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் தொப்பியை எடுப்பார்கள். அதனால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை. நஷ்டம் பக்கத்து வீட்டு நிக்கொலாசாவுக்குத்தான். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி நான்.

பெர்மின் தவக்காலத்தில் இறந்துபோனான். இருமல் என்று படுத்தான், எழுந்திருக்கவில்லை. எங்கள் தெருவில் இருந்த ஒரே பெரிய அடுப்பு அவனுடையது. மண் கல்லால் கட்டிய கவிழ்ந்த சட்டி மாதிரி, உள்ளே ஒரு கழுதை படுத்துப் புரளலாம். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் ஊரே அங்கேதான் குடியிருக்கும். மாவு அவரவர் வீட்டில் பிசைவார்கள். சுட்டு எடுப்பது மட்டும் தார்க்கியின் அடுப்பில். முட்டை, பன்றிக்கொழுப்பு, சர்க்கரை, சோம்பு போட்டுப் பிசைந்து, சோளக்கள்ளின் அடிமண்டியைப் புளிப்புக்கு ஊற்றி, பொம்மையும் ஏணியும் குதிரையுமாக உருட்டித் தகரத்தட்டில் அடுக்கித் தூக்கி வருவார்கள். திருநாளன்று ஆன்மா வீட்டுக்கு இறங்கி வர ஏணி. திரும்பிப் போகும்போது மூட்டை சுமக்கக் குதிரை. பொம்மை, வருகிற ஆளேதான். அதன் தலையில் சுண்ணாம்பில் வார்த்து வர்ணம் அடித்த சின்ன முகம் ஒன்றைப் பதித்திருப்பார்கள்.

அந்த வருஷம் அடுப்பை யார் பார்ப்பது என்ற பேச்சே எழவில்லை. நிக்கொலாசா பார்ப்பாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவளும் பார்த்தாள். முள் செத்தையை உள்ளே திணித்து எரித்து, கூரை வெளுக்கும்வரை காத்திருந்து, தணலை ஒதுக்கி, ஈரத் துடைப்பத்தால் தரையைப் பெருக்கி, ஒரு பிடி தவிட்டை வீசிப் பார்க்க வேண்டும். தவிடு கறுத்தால் சூடு அதிகம். சிவந்தால் தட்டை உள்ளே விடலாம். பெர்மின் இதைச் சீட்டியடித்துக்கொண்டே செய்வான். அவன் தோள் அப்படி. நிக்கொலாசா என் நெஞ்சு உயரம்தான் இருப்பாள். நீள ரொட்டித் துடுப்பைத் தள்ளும்போது துடுப்பு அவளைத் தள்ளுகிறதா, அவள் துடுப்பைத் தள்ளுகிறாளா என்று தெரியாது. புருவம் கருகிப்போயிருந்தது. கணுக்கால் வீங்கிக் காலணிக்கு மேல் வழிந்தது. காற்று வேறு, வெட்டவெளியின் தூசி அத்தனையையும் அள்ளி வந்து அவள் முற்றத்தில்தான் கொட்டும்.

இறைச்சிக்கடை பிரிமித்திவா தட்டோடு சுவரில் சாய்ந்து நிற்பாள்.

"நிக்கொலாசா, என் தட்டு எப்ப போகும்?"

"அடுத்தது."

"காலைலயும் இதத்தான் சொன்ன."

"காலைலயும் நீ இதத்தான் கேட்ட."

நான் தள்ளுவண்டியில் செத்தை கொண்டுவந்து போடுவேன். மலை உயரத்துக்குப் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்குப் பெர்மினின் அக்கா செனோபியா சூப் கொண்டுவருவாள். பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கு, கோதுமை, உப்புக்கண்டம் போட்டது.

"கறி எங்கக்கா?" என்று கேட்டேன்.

"தேடு. கண்ணு நல்லா இருந்தா தெரியும்."

செனோபியா எலும்பும் விறைப்புமான பெண். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் அடுப்பு கட்டியபோது களிமண் மிதித்தவளும் அவள்தான். அந்த அடுப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவாள், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

நிக்கொலாசாவின் மகள் பெனித்தா கீழே கோச்சபம்பா பள்ளத்தாக்கில் இருந்தாள். பீச் பழம் விளைகிற, கை விறைக்காத இடம். அம்மாவை வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"போலாம்னுதான் இருக்கு மதினி," என்று சூப் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிக்கொலாசா சொன்னாள். குடிக்கவில்லை, கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு முடியல."

"இந்த அடுப்ப யாரு பாப்பா?"

"யாருக்காவது குடுத்துடலாம்."

"குடுத்துடலாம். என் தம்பிய ஊர்ல யாருக்காவது குடுத்துடலாம்."

நிக்கொலாசா எழுந்துபோய் அடுத்த தட்டை உள்ளே விட்டாள்.

அடுப்பு வாயின் வளைவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்ததை நான் அப்போதே பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் சீசனுக்கு முன்னால் பெர்மின் களிமண்ணில் லாமா மயிரும் உப்பும் போட்டு மிதித்து அந்த வாயைப் பூசுவான். இந்த வருஷம் பூச ஆளில்லை. சொன்னேன். "இருக்கட்டும் அண்ணே, அதுக்கும் களைப்பா இருக்கும்" என்றாள் நிக்கொலாசா.

இப்போது பிடிமாவு பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில், தட்டு உள்ளே போகும் முன் ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் மாவிலிருந்து ஒரு பிடி கிள்ளி அடுப்புக்காரர் தொட்டியில் போடவேண்டும். அந்த மாவில்தான் அடுப்பு வீட்டுக்காரர்கள் தங்கள் ரொட்டியைச் செய்வார்கள், எல்லோருடையதும் முடிந்த பிறகு, கடைசிச் சூட்டில். இந்த வருஷம் பெர்மின் முதல்தடவையாக வரப்போகிறான் என்று எல்லோருக்கும் கை தாராளமாகிவிட்டது. பிரிமித்திவா இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். கஞ்சப் பிரபு என்று பெயர் வாங்கின தபால்காரர்கூட ஒரு தலையணை அளவு விட்டுப்போனார். ஒருவர் மாவில் சோளக்கள் மண்டி, இன்னொருவர் மாவில் கடை ஈஸ்ட், மற்றொருவர் மாவில் பழைய புளிப்பு. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, குழந்தைகளைக் குளிப்பாட்டும் தகரத் தொட்டியில் உட்கார்ந்து ஒன்றையொன்று உசுப்பிக்கொண்டிருந்தன.

திருநாள் காலையில் நான் போனபோது மாவு தொட்டியை விட்டு இறங்கி முற்றத்தைத் தாண்டிப் படலைத் திறந்துகொண்டிருந்தது. சரி, தொட்டி விளிம்பைத் தாண்டியிருந்தது. கோழி ஒன்று அதில் கால் வைத்துவிட்டு எடுக்க முடியாமல் நின்றது சத்தியம்.

நிக்கொலாசா அதைப் பார்த்துக்கொண்டு முழங்காலில் கைகளை ஊன்றி நின்றாள்.

"இத அத்தனையும் உருட்ட என் கையில தெம்பு இல்ல மதினி."

"உருட்டாத," என்றாள் செனோபியா. "ஒரே ஆளா போடு. என் தம்பி ஊர்லயே உசரம். கையகலப் பொம்மைய படையல் மேசைல வெச்சா, வந்து பாத்துட்டு இது யாருடான்னு கேப்பான்."

ஒருத்திக்குக் களைப்பு, ஒருத்திக்குப் பெருமை. எட்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான், அதுவும் தப்பாகப் போயிற்று.

செனோபியா துணிக்குள்ளிருந்து முகத்தை எடுத்தாள். ஓருரோ சந்தையில் சொல்லிச் செய்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு, கறுப்பு மீசை, தலையில் தொப்பி. கண் மட்டும் நீலம்.

"பெர்மினுக்குக் கண்ணு நீலமாக்கா?"

"கடைக்காரன்கிட்ட கறுப்பு தீந்துபோச்சாம்."

"அப்ப வரப்போறது நம்ம ஆளா, அந்தக் காலத்து ஜெர்மன் சுரங்க எஞ்சினியரா?"

"மீசையப் பாரு. மீசை அவன்தான். நீ வாய மூடிட்டு மாவத் தூக்கு."

முழு ஆளும் துடுப்பில் நிற்கவில்லை. அதனால் முதலில் உடம்பை விட்டோம். பிறகு கால் ஒன்று, கால் இன்னொன்று, கை, கடைசியில் முகம் பதித்த தலை. உள்ளே அடுப்புத் தரையில் வைத்தே துடுப்பு நுனியால் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டோம். நிக்கொலாசா வாயை மூடி ஈரச்சாக்கு அடைத்தாள். அந்த மணம் இருக்கிறதே, எல்லை தாண்டி சிலி நாட்டுக்காரன் வேலையைப் போட்டுவிட்டு மூக்கைத் தூக்கியிருப்பான்.

வெந்தது. அழகாக வெந்தது. சாக்கை எடுத்துப் பார்த்தால், பெர்மின் மல்லாந்து படுத்திருந்தான். மூன்று மாதிரிப் புளிப்பும் சேர்ந்து அவனை ஊதி, மார்பும் வயிறும் வாய் வளைவுக்கு மேலே போயிருந்தன. துடுப்பைக் கொடுத்து இழுத்தேன். வயிறு வந்து வாயில் முட்டி நின்றது. சாய்த்துப் பார்த்தேன், தோள் முட்டியது. நீலக்கண் இரண்டும் என்னையே பார்த்தன.

"உசுரோட இருந்தப்ப இந்த வாய்க்குள்ள அவன் நுழைஞ்சு வந்திருக்கான்," என்றாள் செனோபியா.

"அப்ப இவ்வளவு சாப்டிருக்க மாட்டான்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் மேசை தயாராக இருந்தது. கறுப்புத் துணி, கரும்பு, பூ பூத்த வெங்காயத்தாள், அவன் விரும்பிக் குடிக்கிற ஊதாச் சோளக் கஞ்சி, மெல்லுகிற கோகா இலை, எல்லாம். நடுவில் ஆள் நீளத்துக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. உச்சிவேளை மணியோடு அவன் வந்துவிடுவான். ஜெபம் சொல்ல வருகிறவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள்.

"இடுப்புல அறுத்து எடுத்துடலாம்," என்றேன். "மேசைல வெச்சு ஒட்டவெச்சுக்கலாம்."

செனோபியா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"முதமுதல்ல வர்றவன் ரெண்டு துண்டா வரணுமா?"

அது நியாயம்தான். எங்கள் ஊரில் மணி அடிக்கும் முன் பொம்மையில் கத்தி வைக்கமாட்டார்கள்.

நிக்கொலாசா அடுப்பு வாயைத் தொட்டுப் பார்த்தாள். வெடிப்பில் விரல் நுழைந்தது.

"உடைச்சுடுங்க," என்றாள்.

"என்னது?"

"வாய உடைச்சு அவர எடுங்க மதினி. வேற வழியில்ல."

"தொட்டுப் பாரு." செனோபியா அடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள். "இத எப்ப ஒழிக்கலாம், எப்ப மக வீட்டுக்கு ஓடலாம்னு இருந்த. இப்ப அவன் பேரச் சொல்லியே ஒழிக்கப் பாக்கற."

"நான் ஓடணும்னா எப்பவோ ஓடியிருப்பேன்."

"அப்ப நில்லு."

"நிக்கத்தான் முடியல," என்றாள் நிக்கொலாசா. குரலில் கோபம் இல்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. "பதினேழு வயசுல இந்த முத்தத்துக்கு வந்தேன். ஒவ்வொரு வருஷமும் ஊர்ல எல்லாரோட செத்தவங்களுக்கும் ரொட்டி சுட்டாச்சு. என் வீட்டு ஆளு வர்ற அன்னைக்கு அவர வெளிய எடுக்க முடியல. அறுக்கவும் வேணாம், உடைக்கவும் வேணாம்னா, அவரே வந்து என்ன வேணுமோ பண்ணிக்கட்டும். நான் உக்காரறேன்."

உட்கார்ந்தாள். அடுப்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி, காலி மாவு மூட்டைகள்மேல், முதுகைச் சுவரில் சாய்த்து. உட்கார்ந்த அந்த நொடியே தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கருகிய புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. துடுப்பு சுவரோரம் கிடந்தது. செனோபியா அடுப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் தோன்றாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். காற்று நின்றுவிட்டது.

மணி அடித்தது.

இரண்டாவது அடியோ மூன்றாவது அடியோ, அடுப்புக்குள் ஒரு முனகல் கேட்டது. முதுகு வலியோடு ஆள் எழுந்திருக்கும்போது வருமே, அப்படி. வெடிப்பிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. செனோபியா பின்னால் நகர்ந்தாள். வளைவு மொத்தமும், நடுக்கல்லோடு, வெளிப்பக்கமாகச் சாய்ந்து எங்கள் காலடியில் விழுந்தது. ஒரு கல்கூட உள்ளே விழவில்லை. தூசி அடங்கியபோது பெர்மின் மீசையோடு படுத்திருந்தான். அவனுக்கு முன்னால் வழி அகலமாகத் திறந்து கிடந்தது.

நிக்கொலாசா கண் திறந்தாள்.

"யாரு கதவத் தட்டறது?" என்றாள்.

எழுந்து, பழக்கத்தில் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தூக்கம் கலையாமல் அடுப்பருகே வந்து நின்றாள். சரியாக அந்த நேரத்தில்தான் சத்தம் கேட்டுப் பிரிமித்திவாவும் ஜெபத்துக்கு வந்த நாலு பேரும் முற்றத்துக்குள் ஓடிவந்தார்கள். அவர்கள் பார்த்தது என்ன? உடைந்த அடுப்பு, கையில் துடுப்போடு விதவை.

"ஐயோ, உடைச்சுட்டாளா," என்றாள் பிரிமித்திவா.

நான் செனோபியாவைப் பார்த்தேன். அவள் விழுந்த கற்களைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியாது. நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

கதவு ஒன்றைக் கழற்றி அதன்மேல் பெர்மினைக் கிடத்தி, பன்னிரண்டு பேர் சுமந்து மேசைக்குக் கொண்டுபோனோம். சரி, ஐந்து பேர். ஜெபம் சொன்னவர்களுக்கு மறுநாள் பிட்டுப் பிட்டுக் கொடுத்தோம், ஊரே தின்றது, முழங்கால் மிச்சம். ரொட்டியைத் தின்றுகொண்டே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். புருஷன் கட்டின அடுப்பை அவன் வந்து இறங்கின நேரத்திலேயே இடித்த பெண்பிள்ளை என்று.

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் சிரிப்பு வந்தது. "ஆமா இலாரியோன், லாமாக்கள் சீட்டு வாங்காம வந்த மாதிரிதானே" என்றார்கள். அதற்காக நான் விட்டுவிடுவேனா. அடுத்த தடவை சொல்லும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

நிக்கொலாசா மகளிடம் போனாள். ஒவ்வொரு திருநாளுக்கும் பேருந்தில் பீச் பழக்கூடையோடு மேலே ஏறி வந்தாள். மேசை போட்டாள், பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கிற வேறு அடுப்பில் ரொட்டி சுட்டு வாங்கினாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஆனால் இந்த முற்றத்துக்குள் கால் வைத்ததும் பழைய களைப்பு அப்படியே அவள் தோளில் ஏறி உட்கார்ந்துவிடும். செனோபியா அவளோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. மேசைக்கு வேண்டியதை மட்டும் என்னிடம் சொல்லி அவளிடம் சொல்லச் சொல்வாள். நிக்கொலாசா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

மூன்றாவது வருஷம் வந்தது. செத்தவருக்கு மூன்று வருஷம்தான் மேசை போடுவோம், அதோடு முடிகிறது. இரண்டாம் நாள் உச்சிவேளையில் ஆன்மாவைக் கல்லறையில் வழியனுப்பியதும், விதவையின் துக்கக் கறுப்பை எடுக்கவேண்டும். செத்தவனோடு கூடப் பிறந்தவர்தான் தன் கையால் எடுக்கவேண்டும். பெர்மினோடு கூடப் பிறந்தவள் செனோபியா ஒருத்தி. எடுக்காவிட்டால் அந்தக் கறுப்பு அவளோடேயே இருக்கும். பெனித்தாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் குறித்திருந்தார்கள். கறுப்போடு இருக்கிறவள் அந்தக் குழந்தையைத் தூக்கக்கூடாது.

"அடுப்ப உடைச்சவளுக்கு என் கை வராது," என்று செனோபியா ஒருமாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிக்கொலாசாவின் காதுக்கும் அது போயிருந்தது.

கல்லறையில் மண்மேட்டின்மேல் துணி விரித்து, கடைசி ரொட்டிகளை வைத்தோம். மேற்கே மேகம் கறுத்து, குளிர்காற்று வெங்காயப் பூவை அலைத்தது. ஜெபம் முடிந்து எல்லோரும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நிக்கொலாசா மேட்டின் கால்மாட்டில், கறுப்புச் சால்வையைத் தாடைக்குக் கீழே ஊக்கால் குத்திக்கொண்டு, எதையும் எதிர்பார்க்காத முகத்தோடு இருந்தாள்.

"இலாரியோன், அத ஒருக்கா சொல்லேன்," என்றார் தபால்காரர். "கடைசியா."

சொன்னேன். அன்று எனக்கு நல்ல உற்சாகம். மணி அடித்தது, அடுப்பு நடுங்கியது, தெரு நடுங்கியது, ஓருரோவில் கண்ணாடிகள் விரிசல் விட்டன. வளைவை முழங்கையால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டுப் பெர்மின் எழுந்து உட்கார்ந்தான், தொப்பியில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டினான், என்னைப் பார்த்து, "இந்தச் சூடு போதும் இலாரியோன், அடுப்ப அணைங்க" என்றான்.

தபால்காரர் கஞ்சி புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்," என்றாள் பிரிமித்திவா. "துடுப்பக் கையில வெச்சுட்டு நின்னத நாங்க பாத்தோம். அவதான் இடிச்சா. இல்லையா நிக்கொலாசா?"

நிக்கொலாசா தலை தூக்கினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "கிண்ணத்தக் குடு, கழுவணும்" என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினாள்.

மணி அடிக்கத் தொடங்கியது.

செனோபியா எழுந்தாள். துணிமேல் இருந்த குதிரை ரொட்டியை எடுத்து, மண்மேட்டின் தலைமாட்டில் வைத்தாள், முகம் வெளியே பார்க்கும்படி. அதன் கழுத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு சுற்றிவந்து நிக்கொலாசாவின் எதிரில் நின்று, விரலால் அவள் தாடைக்குக் கீழே ஊக்கைத் தேடினாள்.

"தொப்பியத் தட்டினது பொய்," என்றாள், யாரையும் பார்க்காமல். "எழுந்து உக்காந்தது பொய். ஓருரோல ஒரு கண்ணாடியும் விரிசல் விடல. இவன் வாயத் தொறந்தா அப்படித்தான்." ஊக்கு வந்துவிட்டது. சால்வையை அவள் தோளிலிருந்து எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். "வளைவு தானா விழுந்துச்சு. துடுப்பு சுவரோரம் கெடந்துச்சு. இவ தூங்கிட்டிருந்தா, நான் முன்னாலயே நின்னேன், பாத்தேன். இவ தூங்கறதப் பாத்துட்டுத்தான் என் தம்பி தள்ளினான்."